விளக்கெண்ணெயில் ஓடும் ரயில்

சபாபதி தரையில் குப்புறப் படுத்து ஒரு காதைத் தண்டவாளத்தோடு ஒட்டி வைத்திருந்தார். சாவி முறுக்கினால் ஓடும் பச்சை நிற எஞ்சின் ஒன்று, மூன்று தகரப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தது. அவர் மூக்கைத் தாண்டும்போது எண்ணெய் காணாத கிணற்று உருளைபோல் கிறீச்சிட்டது.

"மூட்டு வலி," என்றார் சபாபதி.

அடுப்படியிலிருந்து அவருடைய அக்கா வெள்ளையம்மா எட்டிப் பார்த்தாள். "முப்பத்தாறு வயசுல ஒருத்தன் தவழ்றத இன்னிக்குத்தாண்டா பாக்குறேன்."

சிம்பாங் ரெங்கம் ஊருக்குப் பக்கத்தில், ரப்பர் பால் வடிக்கும் கித்தாத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் சபாபதிதான் டிரஸ்ஸர். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, அதட்டுவது எல்லாம் இவர்தான். பழைய துரை சீமைக்குத் திரும்பிப் போனபோது, சாய்வு நாற்காலியைத் தனக்குத் தந்துவிட்டுப் போவார் என்று சபாபதி நம்பியிருந்தார். துரையோ தன் பிள்ளைகள் விளையாடி அலுத்த ரயிலைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார். அது வெகுகாலம் அலமாரியின் மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது.

இப்போது அதற்கு வேலை வந்துவிட்டது. குளுவாங்கிலிருந்து பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். பெண்ணின் அப்பா லெட்சுமணன் ரயில் எஞ்சின் டிரைவர். வெற்றிலை பாக்கைத் தட்டில் வைத்து நீட்டாமல் ரயிலில் ஏற்றி அனுப்பினால் எப்படி இருக்கும்? ஆஸ்பத்திரி மேசையில் தலையைச் சாய்த்து, சபாபதி அந்தக் காட்சியைப் பலமுறை கண்டிருந்தார். ரயில் வளைந்து வரும், லெட்சுமணன் கண்கலங்குவார், தன் வழுக்கை யார் கண்ணிலும் படாது. அந்த வெற்றிலையை எடுத்துக்கொண்டால் சம்மதம். தொடாமல் எழுந்துவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

ஆனால் ரயில் அழுதுகொண்டே வெற்றிலை கொண்டுவரலாமா? எண்ணெய் வேண்டும். எந்த எண்ணெய் என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருந்தது.

ஏனென்றால் ஒரு எண்ணெய்க்கு அந்த வீட்டில் தடை. தலைவலிக்கும் இருமலுக்கும் புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்கும்கூட சபாபதி விளக்கெண்ணெய்தான் கொடுப்பார். அவர் வந்த பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பொய்க் காய்ச்சல் என்பதே ஒழிந்துபோயிற்று. 'வெளக்கெண்ண டிரஸ்ஸர்' என்ற பெயர் அவருக்கு முன்னால் ரயிலேறி குளுவாங் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் துணி தைத்துக் கொடுத்து, இந்தச் சம்பந்தத்தையும் பேசிக்கொண்டிருந்த தையற்காரர் சுப்ஹான் பாய்தான் பெண்ணின் வார்த்தையைக் கொண்டுவந்தார்.

"ராஜம்மாவுக்கு எல்லாம் சம்மதந்தான், டிரஸ்ஸரே. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. அந்த வீட்டு வாசப்படிக்குள்ள வெளக்கெண்ண வரக் கூடாதாம்."

சபாபதி தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். வீட்டிலிருந்த புட்டி அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குக் குடிபோயிற்று.

முதலில் தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தார். சத்தம் அடங்கியது. ஒரு நாள் கழித்துப் பார்த்தால் தண்டவாளம் முழுக்க எறும்பு. சாவி முறுக்கியதும் முதல் பெட்டியில் இருந்தவை இறங்க மனமில்லாமல் கூடத்தைச் சுற்றி வந்தன. வெற்றிலைக்கு இடமில்லை.

எறும்பை ஊதித் துடைத்து வைத்துவிட்டு, சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்தபோது கவிழ்த்த உரலின்மேல் எஞ்சின் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சீயக்காய்க் கிண்ணம்.

"சனிக்கிழமையாச்சேடா," என்றாள் வெள்ளையம்மா, பெருமையோடு. "நல்லெண்ண தேச்சு, நல்லா ஊற வெச்சு, வெதுவெதுன்னு வெந்நி ஊத்திட்டேன். சாம்பிராணிதான் போடல. நீ வந்து போடுவேன்னு இருந்தேன்."

"அக்கா, அது இரும்புக்கா!"

"இரும்புன்னா? உனக்குப் போன வருசம் மூட்டுப் பிடிச்சப்ப இதானே செஞ்சேன்? எந்திரிச்சு ஓடலியா நீ?"

சபாபதி எஞ்சினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஆஸ்பத்திரிப் பஞ்சையும் மண்ணெண்ணெயையும் வைத்துக்கொண்டு, சக்கர இடுக்கில் சேறாகிக் கிடந்த சீயக்காயைச் சாயங்காலம்வரை நோண்டி எடுத்தார். தையல் இயந்திர எண்ணெயோடு சுப்ஹான் பாய் வந்தார். நாலு சொட்டு விட்டதும் ரயிலுக்குப் பேய் பிடித்தது. முதல் வளைவிலேயே குடைசாய்ந்தது; பறந்து வந்த கொட்டைப்பாக்கு ஒன்று பாயின் நெற்றியில் பட்டது.

"அலாமாக்! விருந்தாளிக்குப் பாக்கு வெக்கிறீங்களா, பாக்கால அடிக்கிறீங்களா?"

சாவியைக் குறைத்து முறுக்கினால் பாதி வழியில் நின்றது. கூட்டி முறுக்கினால் பாக்கு பறந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு பிள்ளையின் காயத்துக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போன சபாபதியின் கை, வழக்கம்போலத் தானாகவே அந்தப் புட்டிக்குப் போயிற்று. கெட்டியான எண்ணெய். வழுக்கவும் செய்யும், அவசரப்படவும் விடாது. சத்தியம் நினைவுக்கு வந்தது. எஞ்சினின் வயிறு வேறு, வீடு வேறு என்று அதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். வீட்டுக்கு ஓடிப்போய் ரயிலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்து, அச்சுகளைத் துடைத்துவிட்டு ஆளுக்கு இரண்டு சொட்டு விட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக, அவருடைய நோயாளி ஒன்று முகம் சுளிக்காமல் விளக்கெண்ணெயை ஏற்றுக்கொண்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டினால், ரயில் தேர்போல அசைந்து போயிற்று. ஒரு பாக்கு உருளவில்லை. வாசனைக்கு என்ன செய்வது? சுப்ஹான் பாயின் அத்தரைப் புகைபோக்கியில் தாராளமாகத் தடவிவிட்டார்.

லெட்சுமணன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் இரண்டு பக்கமும் மூக்குத்தி மின்ன பாயில் அமர்ந்தாள். பெண் வீட்டில் தீர்ப்பு யார் கையில் என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. சபாபதி சாவியை முறுக்கினார்.

அடுப்படி வாசலிலிருந்து ரயில் புறப்பட்டது. வெற்றிலைக் காம்புகள் பெட்டிக்கு வெளியே தலையாட்டின. லெட்சுமணன் கோட்டோடு தரையில் இறங்கிக் குப்புறப் படுத்துவிட்டார்.

"வளைவ எப்படி எடுக்குது பாரு, பேச்சி! எங்க ஆளுங்க எவனும் இவ்வளவு நிதானமா எடுக்க மாட்டான் லா!"

பேச்சியம்மாள் பார்க்கவில்லை. முகர்ந்தாள். "அத்தர் வாசம் வருது. அதுக்கு அடியில இன்னொண்ணு வருதே, என்னது அது?"

"ரயிலுன்னா அப்படித்தான் சம்பந்தி..." என்று ஆரம்பித்த வெள்ளையம்மா, அந்த வார்த்தைக்கு இன்னும் காலம் வரவில்லை என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூலையில் சுப்ஹான் பாய், தையல் எண்ணெய்ப் புட்டியைச் சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே எடுத்து, சபாபதியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். 'இதுதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சபாபதி வாயைத் திறந்தார். குளுவாங்கில் ஒரு பெண், கல்யாணத்துக்கு இந்த ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை.

"வெளக்கெண்ணதாங்கம்மா," என்றார். "இன்னிக்குக் காலைல நான்தான் ஊத்தினேன். வேற எதுலயும் சரியா ஓடல."

சுப்ஹான் பாய் புட்டியை மெதுவாக உள்ளே தள்ளினார். வேகம் குறைந்து வந்த ரயில், பேச்சியம்மாளின் முழங்காலுக்கு நேரே வந்து நின்றது.

"ஓடுறதப் பாரேன், பேச்சி," என்றார் லெட்சுமணன் தரையிலிருந்து, கெஞ்சலாக.

"நீங்க சும்மா இருங்க. ஓடுற வண்டியக் காட்டுறவனுக்கெல்லாம் பொண்ணு குடுத்துட முடியுமா?" அவள் சக்கரத்தை ஒரு விரலால் தொட்டு முகர்ந்தாள். முகம் கோணிற்று. "ஏன் தம்பி, எம்பொண்ணுக்குக் காய்ச்ச வந்தா என்ன குடுப்ப?"

கை தானாகவே வலது பக்கம், ஆஸ்பத்திரியில் அந்தப் புட்டி இருக்கும் உயரத்துக்குப் போவதை சபாபதி உணர்ந்தார். இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க பொண்ணுகிட்டயே கேட்டுக்குறேங்க."

பேச்சியம்மாள் மடியில் இருந்த அவர் கையைப் பார்த்தாள். பிறகு வெற்றிலையைப் பார்த்தாள். கை நீண்டது.

"சாவி எங்க?" என்றாள் பேச்சியம்மாள்.

சபாபதி கொடுத்தார். அவள் எஞ்சினைப் பிடித்து, மாவாட்டுகிறவளைப்போல் தோளை அசைத்து, சாவி இனிமேல் திரும்பாது என்கிறவரை முறுக்கி விட்டாள். ரயில் வெற்றிலையோடு கிளம்பியது. வெள்ளையம்மாவைத் தாண்டியது, சுப்ஹான் பாயைத் தாண்டியது, தரையோடு தரையாகக் கிடந்த லெட்சுமணனின் மூக்கைத் தாண்டியது. அத்தரும் விளக்கெண்ணெயுமாய் ஒரு வாசனை அதன் பின்னாலேயே கூடத்தைச் சுற்றியது. பேச்சியம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டு, வெற்றிலை தன்னிடம் திரும்பி வரும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.