ஏழாமத்தையின் சாக்கடைக்கு நன்றி

1

இந்தக் கதை ஒரு தட்டுப் பச்சைக் கீரையில் பிறந்தது. போன வாரம் வியட்நாமின் கான் தோ சந்தையில் அதைப் பயமில்லாமல் தின்றேன். [நூடுல்ஸும் தின்றேன். அது கதைக்கு வேண்டாம்.]

2

முதல் தொடக்கம்: "ஆய்வுக்கூடத்தின் வெண்ணிற ஒளியில் துயென் நுண்ணோக்கியின் மேல் குனிந்து..."

அடித்துவிட்டேன். ஆராய்ச்சிக்காரிதான், ஆனால் துயென் குனிந்தது சந்தைச் சாக்கடையின் மேல். பச்சையாகத் தின்னும் கீரையில் சால்மோனெல்லா என்ற கிருமி ஒட்டிக்கொண்டால் கழுவினாலும் முழுதாகப் போகாது. அதைக் கொல்லும் வைரஸ் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். கிருமி இருக்கும் இடத்தில்தான் அதன் எமனும் இருப்பான். ஆனால் கழிவுத் தண்ணீர் பிடிக்கப் பாட்டிலோடு போன கடையிலெல்லாம் விரட்டினார்கள்.

"என் கடைத் தண்ணியில கிருமின்னு தெரிஞ்சா எம்பேரு என்னாவறது?"

பிறந்த வரிசையை வைத்துச் சந்தையே ஏழாமத்தை என்று கூப்பிடும் கீரைக்காரி மட்டும் சொன்னாள்: "எடுத்துக்கோடி. அப்படியே சாக்கடையையும் அள்ளிட்டுப் போ."

[அப்போது அவள் மனதில் என்ன... தெரியாது. மறுநாளிலிருந்து எதிர் நூடுல்ஸ் கடைக்காரர் அவளிடம் கீரை வாங்கவில்லை. அது தெரியும்.]

3

வைரஸ் அந்தத் தண்ணீரில்தான் கிடைத்தது. கீரையில் தெளித்துப் பார்த்தார்கள், சால்மோனெல்லா அடங்கியது. கண்டுபிடித்தவள் அதற்குப் பெயர் வைக்கலாம்.

நான் எழுதிய முடிவு: துயென் அத்தையின் இயற்பெயரையே வைக்கிறாள், அத்தை கண் கலங்குகிறாள். எழுதிவிட்டு நானும் கலங்கினேன். நமக்குப் பெயரன்தானே பேரன்!

துயெனையும் கூட்டிக்கொண்டு போய் அத்தைக்கே படித்துக் காட்டினேன். அவள் துடைப்பத்தைத் தேடினாள்.

"உசுரோட இருக்கற பெரியவங்க பேர, பொறந்ததுக்கு வப்பாங்களாய்யா? அதுவும் பூச்சிக்கு! பேரு கெட்டாலும் கெடட்டும்னு தண்ணி குடுத்தேன். மிச்சத்தையும் புடுங்க வந்துட்டியா?"

"மன்னிச்சுக்க அத்த," என்றாள் துயென். "உனக்கு எப்படித்தான் நன்றி சொல்றது?"

"உன் மருந்து தெளிச்ச கீரை இருக்குல்ல? என் கடை வாசல்ல உக்காந்து தின்னு. நாலு பேரு பாக்கட்டும்."

4

தின்றோம். துளசியும் புதினாவும் வாய் கொள்ளாமல். நூடுல்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு கூடையோடு வந்து நின்றார்.

"காலையில வா," என்றாள் அத்தை. ஆனால் கூடையை வாங்கி வைத்துக்கொண்டாள். துயென் புரையேறும்வரை சிரித்தாள். நன்றி என்பதை வேறெப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

5

அத்தையின் இயற்பெயர் (          ). அதைத் தொடாதீர்கள்.

வைரஸுக்குத்தான் பெயரில்லை. "அசிங்கமா ஒரு பேரு வையி, அப்பதான் பேய் தூக்காது," என்றாள் அத்தை. குப்பையில் புரட்டிப் பேர்வைத்த நம் ஊர்க் குப்புசாமிகள் பிழைத்ததும் அப்படித்தானே! நீங்களே ஒன்று வைத்துவிடுங்கள். நன்றாக இருக்கட்டும் அது.