தொளதொள டீ-ஷர்ட்

...வெள்ளி என்றுதானே எழுதினேன், கொட்டை எழுத்தில், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, ஆண்டைவிட நாள் நீளமாக இருக்கும் கோள் எது என்று கேட்டு முடிப்பதற்குள் எழுதி சுஹாஸ் பக்கம் தள்ளினேனே, மைக்கில் கேப்டன் மட்டும்தான் பேசலாம், அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "புதன்" என்றான். வினாடி வினாவின் கடைசிக் கேள்வி, தோற்றோம். பரவாயில்லை, பதற்றத்தில் யாருக்கும் வாய் குழறும் என்று நானே அவனைத் தேற்றினேன், மூன்று வருடமாக ஒரே வகுப்பு, என் டப்பா எலுமிச்சை சாதத்தில் பாதி அவனுக்குத்தான்... மேடையை விட்டு இறங்கியதும் கல்யாணராமன் சாரிடம் என்ன சொன்னான்? "ப்ரியாதான் சார் புதன்னு சொன்னா, நான் அவளை நம்பிட்டேன்." நம்பிட்டானாம்! சாரும் உடனே, "சரி விடும்மா, அடுத்த மாசம் மாநிலப் போட்டிக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றார். அவ்வளவுதான், ஒரு வருடம் விழுந்து விழுந்து படித்தது.

பஸ் மந்தைவெளியைத் தாண்டுகிறது, முன்சீட்டில் சாரோடு அவன் சிரித்துக்கொண்டு வருகிறான், எப்படிச் சிரிக்க முடிகிறது? தாள் என் பையில்தான் இருக்கிறது, நீட்டினால்? இப்போது எழுதியதா என்பார். மாளவிகா பார்த்தாள், எங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள், அவள் கையைத் தாண்டித்தான் தாள் போனது. "நீ பாத்தேல்ல, சார்ட்ட சொல்லேன்டி" என்றேன். "எனக்கெதுக்குடி வம்பு, நான் கவனிக்கல" என்று தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகுகிறாள், ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும் மூடியை. பச்சைப் பொய். சுஹாஸைவிட இவள்மேல்தான் ஆத்திரம் வருகிறது, வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்...

ராஜா அண்ணாமலைபுரம் சிக்னல், புழுக்கம், அணி டீ-ஷர்ட் தோளிலிருந்து நழுவுகிறது, எப்போதுமே எனக்குத் தொளதொளதான், புஷ்ராவின் அளவுக்கு வாங்கியது. போன வருடம் பயிற்சிக்கு வரவில்லை என்று அவளை நீக்கினார்கள். "எனக்கு மெசேஜே வரல சார்" என்று அழுதாள். அனுப்பினேன் என்றான் சுஹாஸ். அனுப்பவில்லை. "அவகிட்ட பயிற்சின்னு சொல்லாத, நீ உள்ள வந்துடலாம்" என்று என்னிடம்தானே சொன்னான், அப்போது அது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது... உனக்கு ஏதாவது தெரியுமாம்மா என்று சார் கேட்டபோது நான் என்ன சொன்னேன்? தெரியாது சார் என்றேன். புஷ்ரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்த டீ-ஷர்ட்டைப் போட்டுப் பார்த்து, கை கொஞ்சம் நீளம் என்றேன். மாளவிகா இன்னும் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறாள், நான் நழுவிய டீ-ஷர்ட்டைத் தோளில் இழுத்துவிடுகிறேன். நாளைக்கு இதைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும்... யாரிடம்?