ஏழாவது நிபந்தனை

மருத்துவமனைகளில் தேங்கிக் கிடக்கும் பழைய பில்களைச் சரிசெய்து கொடுப்பதுதான் அவள் தொழில். இன்சூரன்ஸ் கம்பெனி திருப்பி அனுப்பிய பில், பாதியில் நின்றுபோன பில், பணம் வந்தும் வரவு வைக்காமல் விட்ட பில் என்று எல்லாவற்றையும் பிரித்து, பிழை பார்த்து, மறுபடி அனுப்புவாள். பாக்கி இருக்கும் இடமாகத் தேடிப் போவதால் 'பாக்கி மேடம்' என்ற பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தவள், ஆறு வருடமாகத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தனியாகச் செய்துவந்தாள்.

ஒருநாள் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். சின்ன கிளினிக். ஒன்றரை வருடத்தில் அறுநூற்றுச் சொச்சம் பில்கள் திரும்பி வந்திருந்தன.

"வசூலாகறதுல பத்து பர்சன்ட் எடுத்துக்குங்க. வந்தா ரெண்டு பேருக்கும் லாபம்," என்றார் டாக்டர்.

தொழில் தொடங்கிய புதிதில் இப்படி ஒப்புக்கொண்டு கையைச் சுட்டுக்கொண்டவள் அவள். நாலு மாதம் உழைத்த பிறகுதான், பாதிக்கு மேற்பட்ட பில்களை அனுப்பும் கெடு தாண்டிவிட்டது தெரிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி காசு தரவில்லை. அவளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"டாக்டர், காது கேட்டாலும் கேக்காட்டாலும் நீங்க ஃபீஸ் வாங்கறீங்க இல்ல? நானும் அப்படித்தான்," என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். முதலில் ஐம்பது பில்களை மட்டும் பார்க்க ஒரு சின்ன தொகை, பார்த்த பிறகு மொத்த வேலைக்கும் ஒரே விலை என்று முடிவாயிற்று. ஐம்பதையும் பார்த்துவிட்டு அவள் ஒப்பந்தம் எழுதி எடுத்துப் போனாள். இரண்டு பக்கம், ஆறு நிபந்தனைகள். என்ன வேலை, எத்தனை வாரம், எத்தனை தவணை, நோயாளிகளின் விவரம் வெளியே போகாது, கெடு முடிந்த பில்லுக்கு அவள் பொறுப்பில்லை, வேலை கூடினால் கூலியும் கூடும். டாக்டர் படித்துவிட்டு, கீழே பேனாவால் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தார்: பிழைகளுக்கு யார் காரணம் என்பதை எழுதித் தர வேண்டும்.

"ரிசப்ஷன் பொண்ணு மேலதான் எனக்கு சந்தேகம்," என்றார். "அவ சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. இந்தத் தொல்லையெல்லாம் அதுக்கப்புறம்தான். எழுத்துல இருந்தா வேலையை விட்டு அனுப்பறதுக்கு வசதி."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இரண்டு மாதமாகக் கையில் வேறு வேலையில்லை. கையெழுத்துப் போட்டாள்.

நோயாளிகளின் கோப்புகளை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. அதனால் ஐந்து வாரம் கிளினிக்கிலேயே உட்காருவதாக ஏற்பாடு. பில் போடும் அறையில் இரண்டு மேசைகள். ஒன்றில் டாக்டரின் அக்கா இருந்தார். கிளினிக் தொடங்கிய நாளிலிருந்து இருபத்திரண்டு வருடமாக பில் எல்லாம் அவர் கையால்தான். தம்பிக்கு ஒன்பது வயது மூத்தவர். டாக்டர் அக்கா என்று கூப்பிடுவதால் ஊசி போடும் நர்ஸிலிருந்து எழுபது வயது நோயாளிவரை எல்லாருக்கும் அவர் அக்காதான்.

"பாக்கி மேடம்னா, நீங்க வாங்க வந்தவங்களா, குடுக்க வந்தவங்களா?" என்று முதல் நாளே கேட்டார் அக்கா.

"இன்னும் முடிவாகலைக்கா."

"அப்ப டீயை நானே குடுத்திடறேன். அது பாக்கி வேணாம்."

தனியாகத் தொழில் செய்பவர்களுக்குப் பக்கத்து நாற்காலி என்று ஒன்று கிடையாது. ஆறு வருடமாக ஒரு பிழையைக் கண்டுபிடித்தால்கூட 'இங்க பாருங்களேன்' என்று சொல்ல அவளுக்கு ஆளில்லை. இங்கே அக்கா இருந்தார். கம்பெனிக்காரர்களைப் போனில் வைத்துக்கொண்டே அவர்களைப் போலப் பேசிக் காட்டுவார். பதினோரு மணிக்கு டீ, நாலு மணிக்கு டீ. காலையில் கிளம்பும்போது தான் சீக்கிரமாகக் கிளம்புவதைப் பாக்கி மேடமே கவனித்தாள்.

இரண்டாவது வாரம் பில்களைத் தேதிவாரியாக அடுக்கினாள். அதற்கு முந்தைய இருபது வருடத்துக் கணக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றித் தேடியும் பிழை அகப்படவில்லை. ஒன்றரை வருடம் முன்பு, ஒரு மழைக்கால மாதத்தில் முதல் பிழை. வந்த தேதியின் இடத்தில் நோயாளியின் பிறந்த தேதி. அடுத்த மாதம் நாலு. பிறகு இடது காது வலது காதாகிவிட்டது. ஒரே பில் ஒரே நாளில் மூன்று தடவை போயிருந்தது. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. யார் பதிந்தது என்று கம்ப்யூட்டரில் பார்த்தாள். ரிசப்ஷன் பெண் ஒரு பில்லைக்கூடத் தொட்டதில்லை. எல்லாம் அக்கா.

இருபத்தேழு பில்களில், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்ணாக ஒரே எண் இருந்தது. வேறு வேறு நோயாளிகள், ஒரே எண். பழைய காலத்து எண் போல ஆறே இலக்கம். போட்டுப் பார்த்தாள், அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது குரல்.

அந்த இருபத்தேழையும் தனியாக எடுத்து வைத்தாள். பக்கத்தில் அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் ஒன்றும் சொல்லாமல் மென்று விழுங்கினாள். கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டுப் பூசி மெழுகிவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் டாக்டர் மனதில் ரிசப்ஷன் பெண் இருந்தாள். அரைகுறையாக எழுதினால் அந்தப் பெண்ணின் தலையில்தான் விடியும்.

நாலாவது நாள் டீ குடிக்கும்போது அக்காவே கேட்டார்.

"அந்தக் கடைசி நிபந்தனைக்கு என்ன எழுதப் போறீங்க?"

அவள் டீயை விட்டு நிமிர்ந்தாள்.

"ஒப்பந்தத்தை ஃபைல் பண்ணினது நான்தானே. படிக்க மாட்டேனா?" அக்கா டம்ளரை மேசையில் வைத்தார். "எனக்குத் தெரியும்மா. காலைல ஒரு தடவை போட்டு, மத்தியானம் அதையே மறுபடி போடறேன். பாதி வழியில எந்த ஆளோட பில்லுன்னே தெரியாம நிக்கறேன். வயசாயிடுச்சுன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். எனக்கு அறுபத்தொண்ணுதான்."

"டாக்டர்கிட்ட சொல்லக் கூடாதாக்கா?"

"அவனுக்கு அம்மா முகம் ஞாபகம் இல்ல. என்னைத்தான் தெரியும். எப்படிச் சொல்றது?" காலி டம்ளரை ஓரமாக நகர்த்தினார். "அந்தப் பொண்ணு பேரை எழுதிடாதீங்க. அவ வீட்டுல அவ சம்பளம் ஒண்ணுதான். என் பேரை எழுதுங்க."

அன்று மத்தியானம், நோயாளிகள் குறைந்த நேரத்தில் அவள் டாக்டர் அறைக்குப் போய், பிழைகள் எல்லாம் அக்காவுடையவை, மறதி போலிருக்கிறது என்று சொன்னாள்.

டாக்டரின் முகம் சிவந்தது. "உங்களைக் கணக்குப் பார்க்கத்தான் கூப்பிட்டேன். வைத்தியம் பார்க்க இல்ல. எங்கக்காவுக்கு ஒண்ணும் இல்ல. நான் தினம் பார்க்கறேன், எனக்குத் தெரியாதா?"

அவள் இருபத்தேழு பில்களையும் மேசையில் வைத்து, அந்த எண்ணின் கீழே விரலை வைத்தாள். "இது யாரோட நம்பர்னு மட்டும் சொல்லுங்க டாக்டர். எந்த நோயாளியோடதும் இல்ல."

டாக்டர் குனிந்து பார்த்தார். முதல் காகிதம், இரண்டாவது, மூன்றாவது. பிறகு திருப்புவதை நிறுத்திவிட்டார்.

"எங்க பழைய வீட்டு போன்," என்றார். "நான் ஸ்கூல்ல படிக்கறப்ப இருந்தது. தொலைஞ்சு போனா யார்கிட்டயாவது இதைச் சொல்லுன்னு அக்காதான் எனக்கு மனப்பாடம் பண்ண வச்சா."

வெளியே ரிசப்ஷன் பெண் அடுத்த நோயாளியை அனுப்பலாமா என்று இரண்டு தடவை கதவைத் தட்டினாள். டாக்டர் நெற்றியில் கட்டியிருந்த விளக்கைக் கழற்றக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார். அது அந்தக் காகிதங்கள் மேல் எரிந்துகொண்டேயிருந்தது. பாக்கி மேடம்தான் எழுந்து போய், பத்து நிமிஷம் ஆகும் என்று சொன்னாள்.

அந்த வாரமே டாக்டர் அக்காவை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனார். ஸ்கேன், பரிசோதனைகள். முடிவு பாக்கி மேடம் பயந்ததுதான், மறதி நோய். மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், திருப்ப முடியாது என்றார்களாம்.

வேலை ஐந்து வாரத்துக்குப் பதில் ஏழு வாரம் இழுத்தது. முந்நூற்றுப் பத்து பில்களுக்குப் பணம் வந்தது. மீதிக்குக் கெடு முடிந்திருந்தது. அக்கா வேலையை விட்டாலும் தினமும் வந்து ரிசப்ஷன் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். பில்லில் எந்த வியாதிக்கு எந்தக் குறியீட்டு எண், எந்தக் கம்பெனி எதைக் கேட்கும் என்பதெல்லாம் அவருக்கு இன்னும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் காலையில் சொன்னதை மாலையில் முதலிலிருந்து சொல்வார். அந்தப் பெண் புதிதாகக் கேட்பதுபோல எழுதிக்கொள்வாள்.

கடைசி நாள் பாக்கி மேடம் அறிக்கையைக் கொடுத்தாள். ஏழாவது நிபந்தனைக்கு இரண்டே வரி: பில் பொறுப்பாளரின் உடல்நலக் குறைவே காரணம். மற்ற ஊழியர் எவருக்கும் இதில் பங்கில்லை.

டாக்டர் அதைப் படிக்காமல் கோப்பில் வைக்கப் போனார். அக்கா கை நீட்டி வாங்கிக்கொண்டார். "இந்த ஆஃபீஸ்ல என் கையெழுத்து இல்லாம ஒரு காகிதம் ஃபைலுக்குப் போனதில்ல." நிதானமாகப் படித்தார். ஓர் இடத்தில் விட்டுப்போன ஒற்றெழுத்தைப் பேனாவால் போட்டார். அடியில் கையெழுத்திட்டுத் தம்பியிடம் நீட்டினார். டாக்டர் அதை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

மாதச் சம்பளத்துக்கு அக்காவின் மேசைக்கே வந்துவிடும்படி டாக்டர் கேட்டார். அங்கே உட்காரப் பாக்கி மேடத்துக்கு மனம் வரவில்லை. "அந்தப் பொண்ணு நல்லா கத்துக்கிட்டா. அவளுக்கே குடுங்க," என்றாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு சந்தேகம் கேட்க அந்தப் பெண் போன் செய்தாள். சந்தேகம் தீர்ந்த பிறகும் போனை வைக்கவில்லை.

"அக்கா இப்பல்லாம் வர்றதில்ல மேடம். டாக்டர் வீட்டுலயே இருக்காங்க. தனியா வெளிய போயிடறாங்கன்னு ஆள் போட்டிருக்காரு."

"ம்," என்றாள் அவள். பேசி முடித்தபோது மணி பதினொன்று. எழுந்து போய் ஒரு டம்ளர் டீ போட்டுக்கொண்டு வந்து, லேப்டாப்பைத் தள்ளிவைத்துவிட்டு, அது ஆறும்வரை சாப்பாட்டு மேசையில் அழுதுகொண்டிருந்தாள்.