ஜோடி பிரிந்த கோமேதகம்

பழைய நகைகளைப் பழுதுபார்க்கும் கடை அது. கடைக்காரியை எல்லோரும் 'லென்ஸக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமலே வாடிக்கையாளர்களோடு பேசுவதால் வந்த பெயர்.

ஒரு டீச்சர் ஒற்றைத் தோட்டோடு வந்தாள். தேன் நிறக் கோமேதகம், சுற்றிலும் தங்க இலைகள், பின்பக்கம் அரைகுறையாகப் பற்றவைத்த ஒரு முடிச்சு.

"அம்மாவோடது. பொண்ணு கல்யாணத்துக்கு ஜோடியா வேணும். இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு குடுங்க."

"செய்யலாம். ஆனா இது கையால பட்டை தீட்டின கல்லு. பக்கத்துல புதுசு தனியாத் தெரியும். இன்னொரு தோடு தொலைஞ்சுபோச்சா?"

"தங்கச்சிகிட்ட இருந்துது. இந்நேரம் வித்துத் தின்னிருப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் டீச்சர்.

அடுத்த வாரம் வேலை முடிந்த கையோடு ஒரு நர்ஸ் வந்தாள். அவள் கைக்குட்டையை அவிழ்த்ததும் லென்ஸக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே கல், அதே இலைகள், பின்பக்கம் அதே அரைகுறை முடிச்சு.

"இதுக்கு ஜோடி செய்யணும்."

"இதோட பழைய ஜோடி எங்கம்மா?"

"அக்காகிட்ட. அம்மா போனதுலேர்ந்து பேச்சுவார்த்தை இல்ல. அவ பொண்ணுக்குக் கல்யாணமாம். ஊரே சொல்லுது, எனக்கு ஒரு வார்த்தை இல்ல."

ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்வது லென்ஸக்காவுக்குப் பழக்கமில்லை. இரண்டு தோடு செய்து கொடுத்தால் லாபமும்தான். ஆனால் இருவரும் விட்டுப்போன தோடுகளை லென்ஸுக்கடியில் சேர்த்து வைத்தபோது, ஒன்றின் விளிம்பில் நின்ற பழுப்புக் கோடு மற்றதில் தொடர்ந்தது. ஒரே கல்லைப் பிளந்து செய்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு புதுக்கல்லைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. அளவு பார்க்க வேண்டும் என்று இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னாள்.

முதலில் டீச்சர் வந்தாள். பின்னாலேயே நுழைந்த நர்ஸ், அக்காவைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். லென்ஸக்கா இரண்டு தோடுகளையும் கறுப்புத் துணியில் அருகருகே வைத்தாள்.

"ரெண்டு பேரும் என்னைத் திட்டுங்க. ஆனா ஜோடி இங்கேயே இருக்கு, நான் புதுசா என்னத்தைச் செய்யிறது?"

"நீ இதை விக்கலியா?" என்றாள் டீச்சர்.

"நான் விக்கிறவளா? அம்மா காதுல கிடந்ததை?" நர்ஸின் குரல் உடைந்தது. "நீதான் என்னைத் தலைமுழுகிட்டே."

"அம்மா காரியம் முடிஞ்ச அன்னிக்கே பையைத் தூக்கிட்டுப் போனது யாரு?"

"எனக்கு டியூட்டி இருந்துச்சு! உன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்!"

குரல்கள் ஏறின. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லென்ஸக்கா கதவைச் சாத்திவிட்டு இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். அழுகையும் ஏச்சுமாக வெகுநேரம் போயிற்று. கடைசியில் நர்ஸ் தன் தோட்டை அக்கா பக்கம் நகர்த்தினாள்.

"பொண்ணு போட்டுக்கட்டும். ஆனா கல்யாணம் முடிஞ்சதும் என்னுது எனக்கு வந்தாகணும்."

"கல்யாணத்துக்கு வந்து வாங்கிட்டுப் போ" என்றாள் டீச்சர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "முந்தின நாளே வா. சமையல்காரனை மேய்க்க எனக்கு ஆள் இல்ல."