நாற்பத்தேழில் இருப்பவர்

பிறப்புகளைப் பதியும் புது கம்ப்யூட்டர் சர்வர் வந்த வாரத்தில் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்த இருபத்திரண்டு குழந்தைகளில் ஏழு பேர் மெத்தைக்கு ஒரு சாண் மேலே மிதந்தார்கள். எடை மெஷின் அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. தலைமை நர்ஸ் கண்ணளவில் இரண்டே முக்கால், மூன்று என்று எழுதிவிட்டு, ஃபேன் காற்றில் நகராதிருக்க ஒவ்வொரு குழந்தையையும் ஒரு முழம் கட்டுத்துணியால் தொட்டில் கம்பியோடு முடிச்சுப் போட்டாள். குழந்தைகள் வேளைக்குப் பால் குடித்தன, ஊரைக் கூட்டி அழுதன. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் கம்ப்யூட்டர் பிரிவில் ஒற்றை ஆளாக மாரடித்துக்கொண்டிருந்த பெண். நேரில் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வயர்க்காரி. அவளிடம் வந்த புகாரில் மிதப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. பிறப்புப் பதிவு சில சமயம் ஏறுகிறது, சில சமயம் எங்கோ போய்விடுகிறது என்றுதான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் எண் உண்டு, வீட்டுக்குக் கதவிலக்கம் இருப்பது போல. ஒரே எண்ணில் இரண்டு பேர் குடியிருந்தால் கடிதம் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. புது சர்வருக்கு அவள் கொடுத்திருந்த எண் நாற்பத்தேழு. அதன் வயரைப் பிடுங்கிவிட்டுத் தன் கம்ப்யூட்டரிலிருந்து நாற்பத்தேழைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வந்தது.

பதில் வந்த வழியைத் தேடிப் போனாள். வயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டியில் ஆறாவது துளைக்குள் எந்த வயரும் இல்லை, ஆனால் அதன் பச்சை விளக்கு நிதானமாக மினுக்கிக்கொண்டிருந்தது. துளையின் மேல் விரலை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது, பயம் என்று அதைச் சொல்ல முடியாது, கடலை முதல்முறை பார்த்த அன்று இருந்தது போல இருந்தது.

பழைய பதிவு நோட்டில் விடை கிடைத்தது. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் மகா சிக்கனம். எண்களைப் பென்சிலில் எழுதுவார், மெஷின் போனதும் அழித்துவிட்டு அடுத்ததற்குக் கொடுப்பார். வரி வெறுமையாக இருந்ததைப் பார்த்துத்தான் அவளும் நாற்பத்தேழை எடுத்திருந்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது அழித்த தடம் தெரிந்தது: பழைய பிறப்புப் பதிவு சர்வர், ஒன்பது வருடத்துக்கு முன் பழைய இரும்புக்குப் போடப்பட்டது. இரும்புக்கடைக்காரரைப் போய்க் கேட்டாள். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"அதை அப்பவே உருக்கியாச்சும்மா. இந்நேரம் யார் வீட்டு ஜன்னல் கம்பியா இருக்கோ."

ஒன்பது வருடமாக யாரும் கூப்பிடாததால் அது பேசாமல் இருந்திருக்கிறது. கூப்பிட்டதும் தன்னைத்தான் என்று நினைத்து வேலைக்கு வந்துவிட்டது. நேரங்களை ஒப்பிட்டாள். இல்லாத சர்வரில் பதிவான ஏழு பேரும்தான் மிதக்கும் ஏழு பேர். ஏழாவது குழந்தை அவளுடைய தங்கை மகள். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவள்.

பெரிய டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டரில் அந்த எண்ணைக் கையால் அடித்து வைத்திருக்கிறோம், அதை மாற்ற முடியாது, வெள்ளிக்கிழமைக்குள் பழையதன் வாயை அடை, இல்லையென்றால் வெளியாளைக் கூப்பிடுகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, நாற்பத்தேழு என்றால் புது சர்வர் மட்டுமே என்று அவள் கட்டளை போட்டாள். பச்சை விளக்கு அணைந்தது. மறுநிமிடமே வார்டிலிருந்து தங்கை போன் செய்தாள்.

"அக்கா, பாப்பா கை வழியா மெத்தைப் பூ தெரியுதுக்கா. அழறா, சத்தமே வரலை. ஏதாவது பண்ணுக்கா."

கட்டளையைத் திரும்ப எடுக்க நான்கு நிமிடம் ஆயிற்று. அந்த நான்கு நிமிடத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள். விளக்கு மினுக்கியதும் போனில் ஏழு குழந்தைகளும் ஒன்றாக வீறிட்டன. அவள் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனாள்.

"நம்பர் பழைய சர்வரோடதுதான் சார். அவர் செத்துட்டார்னு நினைச்சு நாமதான் வீட்டுக்குள்ள நுழைஞ்சுட்டோம். புதுசோட நம்பரை நான் மாத்தறேன்."

இல்லாத மெஷினுக்கு எதற்கு எண் என்று அவர் கத்தினார். அவள் அவரை வார்டுக்குக் கூட்டிப்போனாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏழு தொட்டிலின் முன்னும் நின்றார். ஒரு குழந்தையின் அடியில் உள்ளங்கையை நீட்டி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோனார். எதுவும் தட்டவில்லை. எண்ணை மாற்றும் அனுமதியில் கையெழுத்துப் போட்டார்.

புது சர்வர் ஐம்பத்திரண்டுக்குக் குடிபெயர்ந்தது. நூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டருக்கும் அவளே நடையாய் நடந்து எண்ணை மாற்றினாள். மூன்று நாள் பிடித்தது, கால் வீங்கிவிட்டது. அதன்பிறகு பிறந்த எந்தக் குழந்தையும் மிதக்கவில்லை. அந்த ஏழு பேரும் நடக்கப் பழகியபோது தரைக்கு வந்தார்கள். பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டபோது ஆஸ்பத்திரியில் நாற்பத்தேழைக் கேட்டார்கள், எழுத்துப் பிழை இல்லாமல் வந்தது. தங்கை மகள் இன்றும் தூக்கத்தில் ஒரு சாண் எழும்புகிறாள். போர்வை நழுவுகிறது என்பதுதான் அவள் அம்மாவுக்கு உள்ள ஒரே குறை.

தணிக்கைக்கு வருகிறவர்கள் வருடா வருடம் நோட்டில் அந்த வரியைத் தொட்டுக் கேட்பார்கள். நாற்பத்தேழுக்கு நேரே மையில், அழிக்க முடியாதபடி, ஆள் இருக்கிறது என்று எழுதியிருக்கும். காலையில் வேலைக்கு வந்ததும் வயர்க்காரி முதல் காரியமாக அந்த எண்ணைக் கூப்பிடுவாள். பதில் வரும். பிறகு கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு அன்றைய வேலையைப் பார்ப்பாள்.