ஐம்பதாயிரத்துக்கு மேல்

அன்று காலை அந்த ஓட்டு வீட்டின் முன் நின்றவர்கள்: கடன் கொடுத்த கவியரசன், அவருடைய ஆட்கள் இரண்டு பேர், சாலம்மாள், அவள் மகள் ஷாலினி, கரும்பு மேஸ்திரி காசிநாதன், வேடிக்கை பார்க்க நாலைந்து பேர். நிலத்துக்காரி ஜெயசுதா வரவில்லை. பெங்களூரில் இருந்தாள்.

சாலம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வெளியே வைத்தாள். ஷாலினி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னா மேஸ்திரி, பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒதுங்கி நிக்கிற? ஒரு கை குடு" என்றார் கவியரசன்.

காசிநாதன் சாக்கின் ஒரு முனையைப் பிடித்தான்.

ஜெயசுதாவின் அப்பா தெய்வசிகாமணி சாவதற்கு முன் உயில் எழுதியிருந்தார். நாலு ஏக்கர் கரும்பு மகளுக்கு. இந்த வீடு, முப்பது வருஷம் அவர் வயலில் களை எடுத்த சாலம்மாளுக்கு. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு காசிநாதனுக்கு. ஆஸ்பத்திரி பாக்கிக்கும் காரியச் செலவுக்கும் அவன் ஐம்பதாயிரம் வரை கடன் வாங்கலாம். அதற்கு மேல் கூடாது. வீட்டின் பேரில் ஒரு ரூபாய்கூடக் கூடாது.

அடுத்த மாதமே சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. முன்பணம் வாங்காமல் வெட்டு ஆட்கள் வயலில் இறங்கமாட்டார்கள். விட்டால் கரும்பு காய்ந்து எடை போகும். நிலத்தை அடகு வைக்க ஜெயசுதா சம்மதிக்கவில்லை. காசிநாதன் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்து இரண்டு லட்சம் வாங்கினான். மூன்று மாதத்தில் ஆலை பணம் போட்டுவிடும் என்று நினைத்தான். போட்டது, ஜெயசுதாவின் கணக்கில். போன் செய்தபோது, "உங்கள யாரு கடன் வாங்கச் சொன்னது?" என்றாள்.

கள்ளக்குறிச்சியில் வக்கீல் கோகிலவாணி உயிலை இரண்டு முறை படித்தார். "அடமானம் செல்லாதுன்னு கேஸ் போடலாம். அந்தம்மா வூடு தப்பிக்கும். ஆனா அதிகாரம் இல்லாம வாங்குன கடன் உங்க தலையில வுழும். உங்க வூடு போவும்."

அவன் ஃபீஸைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினான். யாரிடமும் சொல்லவில்லை.

"எங்கம்மா வூட்ட அடகு வைக்க இவரு யாரு?" என்று இப்போது வாசலில் ஷாலினி கத்தினாள்.

"உயில்ல அதிகாரம் இருக்குது பாப்பா. அவரையே கேளு" என்றார் கவியரசன். உயிலின் நகல் அவரிடமும் இருந்தது.

சாலம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "வூட்டு மேல யாரும் கை வைக்க முடியாதுன்னு அய்யா சொன்னாரே. அப்பிடி எதுனா எழுதியிருக்குதுங்களா மேஸ்திரி?"

காசிநாதன் சிலிண்டரைப் பார்த்தான்.

"கடன் வாங்கலாம்னு போட்டிருக்குது" என்றான்.

சாலம்மாள் மகளிடம் திரும்பினாள். "கேட்டுக்கினியா? வாய மூடிக்கினு அந்தப் பாயச் சுருட்டு."

கடைசியில் அவள் விளக்குமாறை எடுத்து உள்ளே போனாள். "குப்பையோட குடுக்கக் கூடாது" என்றாள். இரண்டு அறையையும் பெருக்கி, குப்பையை முறத்தில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

கவியரசன் புதுப் பூட்டைக் காசிநாதனிடம் நீட்டினார். "நீயே பூட்டு. நாளைக்கி நான் புடுங்கிக்கினேன்னு பேச்சு வரக்கூடாது."

காசிநாதன் கதவை இழுத்தான். அது பாதியில் நின்றது. மறுபடி இழுத்தான்.

"மழைக்கு உப்பிக்கினு இருக்குதுங்க" என்றாள் சாலம்மாள், முறத்துடன் பின்னால் நின்றபடி. "கொஞ்சம் தூக்கி இழுங்க மேஸ்திரி."

அவன் தூக்கி இழுத்தான். கதவு சரியாக உட்கார்ந்தது. பூட்டினான்.