ஃபேனுக்குக் கீழே எடுத்த அளவு

ஏட்டு குணசேகரனுக்குத் தன் கை அளவின் மேல் இருந்த நம்பிக்கை சாமி மேல்கூட இருந்ததில்லை. போலீஸ் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் அறையில் இருபத்திரண்டு வருசம் குப்பை கொட்டியவர். அவர் துப்பாக்கியில் பூட்டிக்கொடுத்த, குறிபார்க்கும் ஸ்கோப்புதான் அன்று காலை சுடுதளத்தில் இளமதியின் புருவத்தைக் கிழித்தது. அதுவும் இரண்டாவது தடவை.

கான்ஸ்டபிள் இளமதி கறம்பக்குடிப் பெண். ஆறடி இரண்டங்குலம். மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு அன்றைக்குப் பதினோரு மணிக்கு. தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

முதல் தடவை அடிபட்டபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது. தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை நடுத்தர ஆளுக்குச் செய்தது. இவளுடைய நீளக் கழுத்துக்குக் கண் ஸ்கோப்பை ஒட்டிப் போய்விடுகிறது. வெடித்ததும் துப்பாக்கி உதைக்க, ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பாய்கிறது. குணசேகரன் அவளைத் தன் மேசையோரம் நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்று, இப்போது திற என்றார். வட்டம் முழுசாகத் தெரிகிற இடம் பார்த்து ஸ்கோப்பை முறுக்கி, கட்டைக்குப் பின்னால் அரை அங்குலப் பலகையும் வைத்து நீட்டினார். "இனிமே ஒன்னயக் கடிச்சா எம்பேர மாத்திக்கிறேன்" என்று சவடால் வேறு.

கடித்துவிட்டதே!

"என்னால முடியாதுங்க ஏட்டய்யா," என்றாள் இளமதி, கைக்குட்டையால் புருவத்தை அழுத்திக்கொண்டு. "விசைய அமுக்கையிலயே கண்ணு தானா மூடிக்கிது. எம்பேர எடுத்துரச் சொல்லிருங்க."

"சும்மா இரு. துப்பாக்கிய இங்கிட்டுக் குடு." கோபமெல்லாம் தன் மேல்தான்; பாவம், அவள் மேல் விழுந்தது.

படுத்துச் சுட்ட விரிப்பிலிருந்து அவள் எழுந்தாள். தூசியைத் தட்டிவிட்டு, முதுகை நெட்டி முறித்து நிமிர்ந்தாள். பின்னால் நார்த்தாமலைப் பாறையும் வானமும்தான் இருந்தன. ஐந்தடி மூன்றங்குலக் குணசேகரன் அண்ணாந்தார். இன்னும் அண்ணாந்தார்.

"அடி ஆத்தீ!"

மூன்று மாதமாகத் தினம் பார்க்கிற பெண். இவ்வளவு உயரமா இவள்? தன் அறையில் ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லையே என்று யோசித்தபோதுதான் அவருக்குச் சுரீரென்றது. மேசைக்கு நேர் மேலே தாழ்ந்து தொங்கும் அந்தப் பழைய ஃபேன்! அவர் தலைக்கு ஒரு சாண் மேலே சுற்றுவதால் அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இவளுக்கோ நெற்றிக்கு நேரே. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த இழுத்த கழுத்துக்குத்தான் பெரிய கெட்டிக்காரர் அளவெடுத்திருக்கிறார். இங்கே கழுத்து நீண்டதும் கண் மறுபடி ஸ்கோப்பை ஒட்டிவிட்டது.

"ஃபேன் இடிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா தாயி?"

"நான் குனியிறதே எனக்குத் தெரியிறதில்லைங்க ஏட்டய்யா. வீட்டு நெலப்படி, டவுன் பஸ்ஸு, பொண்ணு பாக்க வந்தவுக முன்னாடி... எல்லா எடத்துலயும் குனிஞ்சு குனிஞ்சு பழகிப்போச்சு."

குணசேகரன் ஜீப்பிலிருந்து கருவிப் பெட்டியை இறக்கினார். அந்த வெட்டவெளியில் அவளை நிமிரச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, மறுபடி ஆரம்பத்திலிருந்து அளவெடுத்தார். இன்னும் இரண்டு பலகை வைத்துக் கட்டையை நீட்டினார். கன்னம் படுகிற இடத்தை உயர்த்தி, ஸ்கோப்பை இரண்டு விரற்கடை முன்னால் தள்ளினார். பிறகு, குறி சரிபார்க்க அவள் ஒரு குண்டு சுட்டாள்.

"கடிக்கலைங்க," என்றாள். நம்பாதவள் போல இன்னும் இரண்டு சுட்டாள்.

பதினோரு மணிக்கு, இருநூறு மீட்டரில், ஐந்து குண்டு. இலக்குத் தாளைக் கொண்டுவந்ததும் தேர்வு நடத்திய அதிகாரி தன் பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து அதன்மேல் வைத்தார். ஐந்து துளையும் மறைந்துபோயின. குணசேகரன் தீப்பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார், மறுபடி தூக்கிப் பார்த்தார். எத்தனையோ பேர் சுடுவதைப் பார்த்தவர். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் துப்பாக்கியை ஒப்படைக்க இளமதி அறைக்கு வந்தாள். மேசைப் பக்கம் வந்ததும் வழக்கம்போலக் கழுத்தை இழுத்தாள். மேலே காற்றைக் காணோம். ஏறிட்டுப் பார்த்தாள். கொக்கியும், டேப் சுற்றிய இரண்டு ஒயரும் மட்டுமே இருந்தன. கழற்றிய ஃபேன் மூலையில் சாய்ந்துகிடக்க, சட்டை தொப்பலாக நனைந்த குணசேகரன் பழைய செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

"என்னங்க ஏட்டய்யா இது, இந்த வேக்காட்டுல?"

"வேர்த்தா வேர்த்துட்டுப் போகுது. நீ நிமிந்து நில்லு ஆத்தா."

அவள் நிமிர்ந்தாள்.